88 வயதில் ஒரு வழக்கு

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



போர் முடிந்தது என்ற செய்தி வந்தவுடன் ஆலய மணிகள் ஒலிக்கின்றன. மறைந்து வாழ்ந்தவர்கள் வெளியே வருகிறார்கள். சிறையிலிருந்து திரும்புகிறவர்களை ஊரே கூடி வரவேற்கிறது. இது ஒரு நாள் மகிழ்ச்சி. மறுநாள் காலையில் வேறொரு கேள்வி ஊரின் நடுவே வந்து நிற்கிறது: பகைவன் ஆண்டபோது அவனுக்குத் துணை நின்றவன் இதே தெருவில்தானே இருக்கிறான், அவனை என்ன செய்வது? அவன் மனைவியை என்ன செய்வது? அவன் பிள்ளைகள் நாளை பள்ளிக்கூடத்துக்கு வருவார்களே, அவர்களை எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு எளிய விடை கிடையாது. ஆனால் ஒரு நாடு இதை எப்படிச் சந்தித்தது, எங்கே சரியாக நடந்தது, எங்கே தடுமாறியது என்று பார்த்தால் நமக்கும் சில செய்திகள் கிடைக்கும். அந்த நாடு நார்வே. அந்த மனிதர் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமானவர்தான். க.நா.சுப்ரமண்யம் அவர்களின் மொழிபெயர்ப்பில் ‘பசி’, ‘நிலவளம்’ என்ற நாவல்களை உங்களில் சிலர் படித்திருக்கலாம். அவற்றை எழுதிய நட் ஹாம்சன்தான் அவர்.

முதலில் அவர் யார் என்று பார்ப்போம். 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் நார்வேயில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் குடும்பம் வடக்கே ஹாமரோய் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் ஒரு மாமன் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே அடியும் அரைவயிறும்தான் மிச்சம். பிறகு கடைப்பையன், சாலைத் தொழிலாளி, அமெரிக்காவில் கூலி என்று பல வேலைகள். அந்தப் பசியை மறக்காமல் எழுதிய நாவல்தான் 1890இல் வந்த ‘பசி’. 1917இல் ‘நிலவளம்’ வந்தது. காட்டைத் திருத்தி மண்ணை நம்பி வாழும் ஓர் உழவனின் கதை அது. 1920இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கிரிம்ஸ்டா நகருக்கு அருகே நோர்ஹோல்ம் என்ற பண்ணையை வாங்கி, தம் இரண்டாம் மனைவி மேரியோடும் நான்கு பிள்ளைகளோடும் வாழ்ந்தார். நாட்டின் பெருமை என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

1940 ஏப்ரல் 9ஆம் நாள் ஹிட்லரின் படை நார்வேக்குள் நுழைந்தது. இரண்டு மாதப் போருக்குப் பிறகு அரசர் ஏழாம் ஹாக்கோனும் அமைச்சர்களும் லண்டனுக்குச் சென்று, அங்கிருந்து எதிர்ப்பைத் தொடர்ந்தார்கள். நாட்டுக்குள் ஜெர்மானிய ஆளுநர் டெர்போவன் ஆட்சி நடத்தினார். அவருக்குத் துணையாக நின்றவர் குவிஸ்லிங் என்ற நார்வேக்காரர். அவர் பெயரே பின்னாளில் பல மொழிகளில் துரோகி என்பதற்கு இன்னொரு சொல்லாகிவிட்டது.

அந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு நார்வேக்காரரும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. உயர்நீதிபதிகள் 1940 டிசம்பரில் பதவியைத் துறந்தார்கள். 1942 பிப்ரவரியில் லூத்தரன் திருச்சபையின் ஆயர்கள் அனைவரும் அரசுப் பொறுப்புகளை விட்டு விலகினார்கள். அதே ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று பெரும்பாலான குருக்களும் அவ்வாறே செய்தார்கள். பிள்ளைகளுக்கு நாசிக் கொள்கையைக் கற்பிக்க மாட்டோம் என்று பல்லாயிரம் ஆசிரியர்கள் தனித்தனியே கடிதம் எழுதினார்கள். அவர்களில் 1,000க்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். பலரை வடகோடியில் உள்ள கிர்க்கெனெஸ் என்ற ஊருக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். 1942 நவம்பர் 26ஆம் நாள் ‘டோனாவ்’ என்ற கப்பலில் 500க்கு மேற்பட்ட யூதர்களை, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று பாராமல், ஏற்றி அனுப்பினார்கள். அந்த நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 770க்கு மேற்பட்ட யூதர்களில் உயிரோடு திரும்பியவர்கள் 40 பேருக்கும் குறைவு.

இந்த நாள்களில் ஹாம்சன் என்ன செய்தார்? 1940 மே மாதத்தில், துப்பாக்கிகளை எறிந்துவிட்டு வீடு திரும்புங்கள் என்று நார்வே இளைஞர்களுக்கு எழுதினார். ஜெர்மானியர்கள் நமக்காகவே போரிடுகிறார்கள் என்றார். இங்கிலாந்தின் மீது அவருக்கு இளமை முதலே வெறுப்பு. ஜெர்மனியின் மீதோ பெரிய பற்று. அவர் எழுத்தை முதலில் ஏற்றுப் போற்றிய நாடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பற்று அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள். 1943இல் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸைச் சந்தித்துவிட்டு வந்து, தம் நோபல் பதக்கத்தையே அவருக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார்.

அதே ஜூன் மாதத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. நியாயமாகப் பேச வேண்டுமானால் அதையும் சொல்ல வேண்டும். 1943 ஜூன் 26ஆம் நாள் ஹாம்சன் ஹிட்லரை அவருடைய மலை மாளிகையில் சந்தித்தார். ஹிட்லர் எழுத்தைப் பற்றிப் பேச விரும்பினார். 83 வயதான ஹாம்சனோ, காது சரியாகக் கேட்காத நிலையில், மொழிபெயர்ப்பாளரின் துணையோடு, டெர்போவனின் கொடுமையைப் பற்றியே திரும்பத் திரும்ப முறையிட்டார். அவர் செய்யும் மரண தண்டனைகளை எங்கள் மக்களால் தாங்க முடியவில்லை, அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். ஹிட்லரைப் பேச்சின் நடுவே மறித்துப் பேசினார், அழுதார். ஹிட்லர் சினந்து உரையாடலை முடித்துக்கொண்டார். இதுதவிர, மரண தண்டனை பெற்ற நார்வே இளைஞர்கள் சிலருக்காகவும் அவர் ஜெர்மானிய அதிகாரிகளுக்குத் தந்திகள் அனுப்பியிருக்கிறார்.

ஆனால் அந்தச் சந்திப்பு அவரை மாற்றவில்லை. கொடுமை செய்தவர் டெர்போவன் மட்டும்தான், அவரை அனுப்பிய தலைவர் நல்லவர் என்றே அவர் நம்பினார். நாம் பற்றுக்கொண்ட ஒருவர் தவறு செய்யும்போது, தவறெல்லாம் அவருடைய வேலையாட்களுடையது என்று சொல்லி நம் பற்றைக் காப்பாற்றிக்கொள்கிறோம் அல்லவா? அதே பழக்கம்தான்.

1945 மே 7ஆம் நாள். ஹிட்லர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் நார்வே விடுதலை அடையப்போகிறது. அன்றைய செய்தித்தாளில் ஹாம்சன் எழுதிய ஓர் அஞ்சலிக் குறிப்பு வந்தது. ஹிட்லரை மனித குலத்துக்காகப் போராடியவர் என்று அதில் புகழ்ந்தார். நற்செய்தி என்ற சொல்லைக்கூட அவரோடு சேர்த்து எழுதினார். வதை முகாம்களின் படங்கள் உலகுக்குத் தெரியத் தொடங்கிய நேரம் அது. குவிஸ்லிங்கின் ஆட்களே வாய்மூடி ஒளிந்துகொண்டிருந்த நேரத்தில் 85 வயது முதியவர் தம் பெயரைப் போட்டு இப்படி எழுதினார். எந்த இலாபத்துக்காகவும் அவர் இதை எழுதவில்லை. அதனாலேயே மக்களின் கோபம் இன்னும் கூடியது. பயத்தால் செய்தார் என்றோ பணத்துக்காகச் செய்தார் என்றோ சொல்லித் தேற்றிக்கொள்ள வழியில்லை.

கணக்குத் தீர்க்கும் காலம் வந்தது. 90,000க்கு மேற்பட்டவர்கள் மீது விசாரணை நடந்தது. ஏறக்குறைய 46,000 பேருக்கு ஏதேனும் ஒரு தண்டனை கிடைத்தது. குவிஸ்லிங் 1945 அக்டோபர் 24ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து 25 நார்வேக்காரர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மற்றவர்களுக்குச் சிறை, அபராதம், குடியுரிமைகள் இழப்பு. குவிஸ்லிங்கின் கட்சியில் உறுப்பினராக இருந்ததே குற்றம் என்று சட்டம் சொன்னது. கட்சி நாட்டுக்குச் செய்த கேட்டுக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் சொத்திலிருந்து ஈடு கொடுக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டம்.

மே மாத இறுதியில் ஹாம்சனும் மேரியும் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். பிறகு மேரியைச் சிறைக்கும், ஹாம்சனை முதலில் மருத்துவமனைக்கும் அதன்பின் முதியோர் இல்லத்துக்கும் கொண்டுசென்றார்கள். மகன்கள் டூரேயும் அரில்டும் தண்டனை பெற்றார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாம்சனின் மனைவி என்பதற்காக மேரி தண்டிக்கப்படவில்லை. அவரே கட்சியில் சேர்ந்தவர். ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்த அவர் போர்க்காலத்தில் ஜெர்மனியில் ஊர் ஊராகச் சென்று கணவரின் நூல்களை வாசித்துக்காட்டினார். அவருக்கு மூன்று ஆண்டுக் கட்டாய வேலைத் தண்டனை கிடைத்தது. அரில்ட், ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து கிழக்குப் போர்முனைக்குச் சென்றவர். டூரே, ஜெர்மானியர்கள் காலத்தில் ஒரு பெரிய பதிப்பகத்தின் தலைமையில் அமர்ந்தவர். அந்தப் பதிப்பகத்தின் கதைக்குப் பிறகு வருகிறேன். ஒவ்வொருவரும் தாம் செய்ததற்காகவே விசாரிக்கப்பட்டார்கள். தந்தையின் பாவத்தை மகனும் மகனின் பாவத்தைத் தந்தையும் சுமப்பதில்லை என்று இறைவாக்கினர் எசேக்கியேல் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் விரித்துச் சொல்வது இதைத்தான். இந்த வரையில் நார்வே நீதிமன்றங்கள் நேராக நடந்தன.

ஆனால் ஹாம்சனின் வழக்கில் அரசு தடுமாறியது. 86 வயது. உலகப் புகழ். அவரைச் சிறையில் அடைத்தால் உலகம் என்ன சொல்லும்? அடைக்காமல் விட்டால், சாதாரண உறுப்பினர்கள் சிறையில் இருக்கும்போது பெரிய மனிதருக்கு ஒரு நீதியா என்று மக்கள் கேட்க மாட்டார்களா? 1945 அக்டோபரில் அவரை ஆஸ்லோவில் வின்டேரன் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய நான்கு மாதங்கள் பேராசிரியர் லாங்ஃபெல்ட் அவரை ஆராய்ந்தார். அவருடைய மன ஆற்றல்கள் நிரந்தரமாகக் குன்றிவிட்டன என்று அறிக்கை கொடுத்தார்கள். அதை வைத்து அரசுத் தரப்பு குற்றவழக்கைக் கைவிட்டது. ஈட்டுத்தொகை கேட்கும் உரிமையியல் வழக்கை மட்டும் வைத்துக்கொண்டது.

பார்ப்பதற்கு இது இரக்கம் போலத் தெரியும். ஆனால் அந்த முதியவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. விலங்கிட்டுச் சாதாரணச் சிறையில் வைத்திருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்ற பொருள்பட அவர் அரசு வழக்கறிஞருக்கு எழுதினார். நான் செய்ததற்கு நானே பொறுப்பு என்பதுதான் அவர் நிலை.

அந்த மருத்துவமனையில் இன்னொரு காயமும் உண்டாயிற்று. சிறையிலிருந்த மேரியை அங்கே அழைத்துவந்து கணவரைப் பற்றிக் கேட்டார்கள். மருத்துவரிடம்தானே சொல்கிறோம் என்று நம்பி, அவர்களுடைய இல்லற வாழ்வின் கசப்புகளையெல்லாம் மேரி சொல்லிவிட்டார். சொன்னவை அறிக்கையில் ஏறின. இதை அறிந்த ஹாம்சன் மனைவியைப் பார்க்கவே மறுத்துவிட்டார். மேரி 1948இல் விடுதலையானபோதும் நோர்ஹோல்ம் வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 1950இல்தான் கணவர் அவரைத் திரும்ப வரச்சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்களை நான்கு ஆண்டுகள் பிரித்துவைத்தது நீதிமன்றத் தீர்ப்பல்ல. ஒரு குடும்பத்தின் இரகசியத்தைக் கோப்பில் சேர்த்த அலட்சியம்தான் அதற்குக் காரணம். குற்றவாளியின் குடும்பத்துக்கும் மானம் உண்டு என்பதை நீதி தேடும் கைகள் சில வேளை மறந்துவிடுகின்றன.

1947 டிசம்பர் 16ஆம் நாள் கிரிம்ஸ்டாவில் வழக்கு விசாரணைக்கு வந்தது. 88 வயதில், காது கேட்காமலும் பார்வை மங்கியும் ஹாம்சன் எழுந்து தம் தரப்பைத் தாமே சொன்னார். நான் எழுதியது தவறு என்று யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை, நான் என் பண்ணையில் தனிமையில் இருந்தேன், நார்வேக்கு உயர்ந்த இடம் கிடைக்கும் என்று நம்பி எழுதினேன், இளைஞர்களின் உயிருக்காகத் தந்தி மேல் தந்தி அனுப்பினேன் என்றார். கெஞ்சவில்லை. ஆனால் கொல்லப்பட்டவர்களைப் பற்றி வருத்தம் தெரிவிக்கும் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவர் கட்சியில் முறையாக உறுப்பினராகச் சேர்ந்தாரா என்பதே சட்டக் கேள்வியாக இருந்தது. தொழில்முறை நீதிபதி, அது நிரூபிக்கப்படவில்லை, ஆகவே ஈட்டுத்தொகை விதிக்க முடியாது என்றார். அவரோடு அமர்ந்த பொதுமக்கள் நீதிபதிகள் இருவரும் அவர் உறுப்பினர்தான் என்றார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 4,25,000 குரோனர் கட்டவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1948 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதை 3,25,000 ஆகக் குறைத்தது. அப்போதும் அது அந்தக் குடும்பத்தை நொறுக்கிப்போட்ட தொகைதான்.

நேயர்களே, அந்தத் தொழில்முறை நீதிபதியை நினைத்துப் பாருங்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். துரோகிக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னவர் என்ற பழி வரும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் சான்று போதாது என்று அவருக்குப் பட்டதைப் பதிவு செய்தார். அவர் கருத்து சரியா தவறா என்பதில் இன்றும் இரு பக்கமும் உண்டு. ஆனால் ஐந்து ஆண்டுகள் அச்சத்தின் கீழ் வாழ்ந்த ஒரு நாட்டில், ஒரு நீதிபதி மக்களுடைய கோபத்துக்கும் அஞ்சாமல் தம் மனசாட்சிப்படி எழுத முடிந்தது. விடுதலை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறு வேண்டுமா?

இனி அந்தப் பதிப்பகத்தின் கதை. ஹாம்சனின் நூல்களைப் பல ஆண்டுகளாக வெளியிட்டுவந்தது கில்டெண்டால் என்ற நிறுவனம். அதன் தலைவர் ஹரால்ட் கிரீக். ஹாம்சனுக்கு நெருங்கியவர். 1941இல் ஜெர்மானியர்கள் கிரீக்கைக் கைது செய்து கிரினி முகாமில் அடைத்தார்கள். அவர் இருந்த இடத்துக்குத்தான் பின்னர் ஹாம்சனின் மகன் டூரே வந்தார். கிரீக்கின் தம்பி நூர்டால் கிரீக் ஒரு கவிஞர். நாட்டை விட்டுச் சென்று, எதிர்ப்புக் கவிதைகளை வானொலியில் வாசித்து மக்களுக்கு ஊக்கம் கொடுத்தவர். இளமையில் அவருக்கு ஹாம்சன் எழுத்தின் மீது பெருமதிப்பு. 1943 டிசம்பரில், போர்ச் செய்தியாளராக நேசநாட்டுக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் சென்றபோது பெர்லின் அருகே அவர் விமானம் வீழ்ந்து இறந்தார்.

போர் முடிந்து ஹரால்ட் கிரீக் மீண்டும் தம் நாற்காலிக்கு வந்தார். 1949இல் ஒரு கையெழுத்துப் பிரதி அவருக்கு வந்து சேர்ந்தது. காவலிலும் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் ஹாம்சன் எழுதிவைத்த கடைசி நூல் அது. ‘புதர் மண்டிய பாதைகள்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கிரீக் தயங்கினார். தயங்காமல் என்ன செய்வார்? தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியைப் புகழ்ந்தவர், தம்பியின் உயிரைக் குடித்த போரில் மறுபக்கம் நின்றவர், அதற்கு வருந்தாதவர் எழுதிய நூல். போதாததற்கு மருத்துவர் லாங்ஃபெல்டைப் பெயர் சொல்லித் தாக்கும் பகுதியும் அதில் இருந்தது. அதை நீக்க ஹாம்சன் சம்மதிக்கவில்லை. ஆயினும் 1949 செப்டம்பரில் அந்த நூலை கில்டெண்டால் நிறுவனமே வெளியிட்டது. ஹாம்சனுக்கு அப்போது 90 வயது.

நூலைப் படித்தவர்கள் வியந்தார்கள். தெளிவான நடை, நகைச்சுவை, கூர்மையான நினைவு. மன ஆற்றல்கள் குன்றியவர் எழுதக்கூடிய நூலா இது என்று கேட்டார்கள். மருத்துவ அறிக்கையை அந்த நூல் ஒன்றே பலருடைய மனத்தில் கவிழ்த்துவிட்டது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் மனம் தெளிவாக இருந்தது என்றால், ஹிட்லருக்கு எழுதிய அஞ்சலியும் தெளிந்த மனத்தோடு எழுதியதுதானே? அவர் திறமையைக் காப்பாற்றிய நூல் அவர் குற்றத்தையும் உறுதி செய்தது. 1952 பிப்ரவரி 19ஆம் நாள், 92ஆம் வயதில், நோர்ஹோல்ம் வீட்டில் அவர் இறந்தார். மேரி அருகில் இருந்து பார்த்துக்கொண்டார். மனம் வருந்தியதாக எந்த ஒரு சொல்லையும் அவர் விட்டுச்செல்லவில்லை.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன?

முதலாவது, உண்மையை மூடிவைத்துவிட்டுக் காட்டும் இரக்கம் இரக்கமாகாது. பாவம், வயதானவர், புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லிக் குற்றத்தை ஒதுக்கிவிடுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஆனால் அது இறந்துபோன இளைஞர்களின் தாய்மாருக்கு நியாயம் செய்யவில்லை. அந்த முதியவரையும் மனிதராக மதிக்கவில்லை. நற்செய்தியில் வரும் சக்கேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் யார்? தம் மக்களை அடிமைப்படுத்திய உரோமை அரசுக்காக வரி தண்டியவர். ஊரார் கண்ணில் அவர் துரோகி. ஆண்டவர் இயேசு அவர் வீட்டுக்குள் சென்றார். ஆனால் நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. சக்கேயுவே எழுந்து நின்று, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். மன்னிப்பும் ஈடும் அங்கே ஒரே வீட்டில், ஒரே நாளில் சந்தித்தன. ஹாம்சன் 3,25,000 குரோனருக்குப் பொறுப்பானது தீர்ப்பினால். சக்கேயு கொடுத்தது மனமாற்றத்தினால். நீதிமன்றத்தால் பணத்தை வாங்க முடியும். மனத்தை வாங்க முடியாது. அது குற்றம் செய்தவர் மட்டுமே கொடுக்கக்கூடிய காணிக்கை.

இரண்டாவது, குற்றம் செய்தவர் மனம் வருந்தாவிட்டாலும் நாம் நேர்மையாக நடக்கலாம். ஹரால்ட் கிரீக்கிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஹாம்சனின் அரசியலை ஏற்கவுமில்லை. ஆனாலும் ஒரு மனிதர் தம் கடைசிச் சொல்லைச் சொல்வதற்கு அவர் தடையாக நிற்கவில்லை. தம் கையில் இருந்த அதிகாரத்தைப் பழிவாங்கப் பயன்படுத்தவில்லை. மன்னிப்பு என்றால் உடனே கட்டித் தழுவ வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அதனாலேயே நம்மால் முடியாது என்று விட்டுவிடுகிறோம். பழிதீர்க்கக் கிடைத்த வாய்ப்பை எடுக்காமல் விடுவதும் மன்னிப்பின் முதல் படிதான்.

மூன்றாவது, பிள்ளைகள். ஹாம்சனின் மகன்கள் தாம் செய்ததற்காகத் தண்டனை பெற்றார்கள், சரி. ஆனால் ஒன்றுமே செய்யாத பிள்ளைகளும் நார்வேயில் தண்டனை பெற்றார்கள். ஜெர்மானியப் படைவீரர்களுக்கும் நார்வேப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தத் தாய்மாரில் பலரை விசாரணையின்றி முகாம்களில் அடைத்தார்கள். ஜெர்மானியரை மணந்தவர்களின் குடியுரிமையைப் பறித்து நாட்டை விட்டு அனுப்பினார்கள். குழந்தைகளோ பள்ளியிலும் தெருவிலும் ஏச்சும் அடியும் பட்டு வளர்ந்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை எந்தப் பகைவனுக்குத் துணைபோயிற்று? பெரிய குற்றவாளிகளுக்கு வழக்கறிஞரும் மேல்முறையீடும் கிடைத்தன. இந்தக் குழந்தைகளுக்கு எந்த நீதிமன்றமும் இல்லை. ஊர் வாயே நீதிபதி.

அந்தப் பிள்ளைகளிடம் நார்வே நாட்டின் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2000ஆம் ஆண்டுப் புத்தாண்டு உரையில். அந்தத் தாய்மாருக்காக இன்னொரு பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2018 அக்டோபரில். போர் முடிந்து 73 ஆண்டுகள்! தாய்மாரில் பெரும்பாலோர் அதற்குள் கல்லறைக்குப் போய்விட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் இல்லாத வீட்டில் சொல்லப்பட்ட மன்னிப்பு அது. ஆனாலும் சொல்லாமல் இருந்ததைவிட அது நல்லது.

ஹாம்சனின் 150ஆம் பிறந்த ஆண்டான 2009இல் நார்வே அரசியார் சோன்யா நினைவு ஆண்டைத் தொடங்கிவைத்தார். ஹாமரோயில் அவருக்கு ஒரு மையமும் திறக்கப்பட்டது. சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். இன்றும் அந்த நாட்டார் ‘பசி’யைப் படிக்கிறார்கள், அந்த அஞ்சலிக் குறிப்பையும் மறக்காமல் இருக்கிறார்கள். நல்லதை ஏற்றுக்கொண்டு, தீயதைத் தீயது என்று சொல்லி, இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பது கடினம். ஒன்றை மறந்துவிட்டால் மனம் இலேசாகிவிடும். ஆனால் உண்மை அவ்வளவு இலேசானது அல்ல.

அன்புக்குரியவர்களே, நம்முடைய ஊர்களில் நோபல் பரிசு பெற்ற துரோகிகள் இல்லை. ஆனால் சிறைக்குப் போய்வந்தவரின் வீடு இருக்கிறது. சங்கப் பணத்தைக் கையாடியவரின் வீடு இருக்கிறது. ஊர் வழக்கில் எதிர்த் தரப்புக்குச் சாட்சி சொன்னவரின் வீடு இருக்கிறது. அந்த வீட்டு மகளுக்கு வரன் வரும்போது, அவள் அப்பன் யார் தெரியுமா என்று ஒருவர் காதில் ஒருவர் ஓதுகிறோம். அந்த வீட்டுப் பையன் பீடத்துக்கு உதவி செய்ய வந்தால் புருவத்தை உயர்த்துகிறோம். செய்தவரை விட்டுவிட்டுப் பிறந்தவர்களைத் தண்டிக்கிறோம். செய்தவரிடம் நேரே பேச நமக்குத் துணிவு இல்லை. அவர் பிள்ளைகளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிதாக இருக்கிறது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோமா? அப்படிப்பட்ட ஒரு வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். அந்த வீட்டுப் பெரியவர் செய்தது தவறு என்றால் தவறுதான், அதை மாற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது அந்த வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள். 73 ஆண்டுகள் கழித்து ஒரு பிரதமர் வந்து சொல்ல வேண்டிய சொல்லை, இந்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் சொல்லிவிடலாம்.